பதம் பெறும் நேரம்: திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் வரை

சிங்கப்பெருமாள்கோயிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து, ஒரகடத்தைக் கடந்து, ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் நெடுஞ்சாலையைத் தொடும் வழித்தடம், 1990-களின் நடுப்பகுதி வரை ஏரிப்பாசன வயல்களுக்கும், ராமானுஜர் அவதரித்த தலத்தைச் சேவிக்க வருவோருக்கும் உரிய ஊர்ப்புறமாகவே இருந்தது. 1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் இந்திய நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியிட்டது. அதன் பின் ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையும், 2012-இல் டைம்லரின் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. இப்பகுதியின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் இந்த வண்டிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்வண்டிகள் எதன் மீது உருள்கின்றனவோ அதன் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. 2010-இல் ஒரகடத்தில் அப்போலோ, அடுத்துவந்த ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் ஜே.கே. டயர், 2020-இல் அதே வட்டாரத்தில் சியட் என்று டயர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமைந்தன. இம்மூன்றின் மையத்திலும் இரவு பகலாக நடைபெறுவது ரப்பருக்கும் கந்தகத்துக்கும் இடையிலான ஒரே வேதிவினை. அந்த வினை எத்தனை மணியில் அல்லது எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும், அதைவிட முக்கியமாக எப்போது தொடங்கக் கூடாது என்பதை மனிதர் தம் கைக்குள் கொண்டுவந்ததன் வரலாறே ரப்பர்த் தொழிலின் வரலாறு என்று துணிந்து சொல்லலாம்.

மரத்திலிருந்து வடியும் பாலில் கிடைக்கும் ரப்பர், மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுப்படாமல் கிடப்பதால், பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றும்போது, அடுத்தடுத்த சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலமிட்டு, பிசின் போன்ற பொருளை நீட்டினால் மீளும் உறுதியான பொருளாக மாற்றுகின்றன. பாடநூல்கள் இதனை வல்கனைசேஷன் என்றும், ஆலைகள் க்யூரிங் என்றும் குறிப்பிடுகின்றன. எந்த வேதிவினையும் நடக்க வேண்டுமாயின், வினைபடும் துகள்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும். மோதுவன எல்லாம் வினைபுரிந்துவிடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆற்றலோடு மோதுவன மட்டுமே பழைய பிணைப்புகளை முறித்துப் புதியவற்றை உண்டாக்கும். அந்தக் குறைந்தபட்ச ஆற்றலே கிளர்வு ஆற்றல் எனப்படும். செறிவைக் கூட்டுவது மோதல்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. வெப்பநிலையை உயர்த்துவது தேவையான ஆற்றலுடைய துகள்களின் பங்கைப் பெருக்குகிறது. பொருளை நுணுக்கிப் பொடியாக்குவது மோதலுக்குக் கிடைக்கும் புறப்பரப்பை விரிக்கிறது. வினைவேக மாற்றி எனப்படும் பொருளைச் சேர்ப்பது, கிளர்வு ஆற்றல் குறைவான வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது.

இவ்விளக்கம் உருவாவதற்கு முன்பே தொழில் உருவாகிவிட்டது. அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகம் கலந்த ரப்பரின் மீது வெப்பம் செய்யும் மாற்றத்தைக் கண்டறிந்து 1844-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இலேயே அதற்கான உரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். வினையின் வேகத்தை அளந்து கணிதமாக்கும் முதல் முயற்சியோ 1850-இல்தான், ஜெர்மனியில் வில்ஹெல்மி சர்க்கரைக் கரைசலை வைத்துச் செய்த ஆய்வில் நிகழ்ந்தது. செறிவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை நார்வேயின் குல்ட்பெர்கும் வாகேயும் 1864-இல் வகுத்தனர். வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவுக்கு ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1889-இல் சமன்பாடு தந்தார். ஆகவே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், ரப்பர் ஆலைகள் ஏன் என்று அறியாமலேயே, கைப்பழக்கத்தாலும் மூக்கின் மோப்பத்தாலும் பதம் பார்த்தே இயங்கின. அந்தப் பதம் வெகு மெதுவாகவே வந்தது. 100 பங்கு ரப்பருக்கு 8 பங்கு கந்தகம் கலந்து 140 டிகிரி செல்சியஸில் வைத்தால், வினை நிறைவுற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் அது 3 மணி நேரமாகக் குறையும்.

வெப்பத்தை உயர்த்திவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. மார்கழி இரவில் விடியும்வரை அசையாமல் கிடக்கும் தோசை மாவு சித்திரையில் சில மணி நேரத்திலேயே பாத்திரத்தை மீறிப் பொங்குவதைக் கண்ட எவருக்கும் வெப்பம் வினையை விரைவுபடுத்தும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர்த் தொழிலில், 10 டிகிரி கூடினால் பதம் பெறும் நேரம் பாதியாகும் என்பது கைக்கணக்கு. அதன்படி 140 டிகிரியில் 5 மணி எடுக்கும் கலவை 150-இல் இரண்டரை மணியிலும், 160-இல் ஒன்றேகால் மணியிலும், 170-இல் 40 நிமிடத்துக்குள்ளும் முடிந்துவிட வேண்டும். ஆனால் வெப்பம் வேண்டிய வினையை மட்டும் தேர்ந்து விரைவுபடுத்துவதில்லை. பாலங்கள் உருவாகும் அதே வேளையில், பாலங்கள் முறியும் வினையும், காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளை அறுக்கும் வினையும் வேகம் பெறுகின்றன. இயற்கை ரப்பர் பதத்தைத் தாண்டி, மீண்டும் இளகத் தொடங்குகிறது. ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள் என்பது இதைவிடப் பெரிய இடையூறு. பல சென்டிமீட்டர் தடிமனுள்ள லாரி டயரின் தோள்பகுதியில், உள்ளே வெப்பம் எட்டுவதற்குள் வெளிப்பக்கம் பதம் தப்பிவிடும். எனவேதான் கார் டயர் 170 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கால்மணி நேரத்துக்குள் வெளிவரும்போது, லாரி டயர் அதனினும் குறைந்த வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அச்சுக்குள் இருக்க நேர்கிறது.

செறிவைக் கூட்டும் வழிக்கும் எல்லை உண்டு. கந்தகத்தைக் கூட்டினால் பாலங்கள் கூடும். 100 பங்கு ரப்பருக்கு 30 பங்குக்கு மேல் சென்றால் கிடைப்பது ரப்பராக இராது, பழைய பேட்டரிப் பெட்டிகளும் சீப்புகளும் செய்யப்பட்ட எபோனைட் என்ற கறுத்த, வளையாத பொருளாகிவிடும். டயருக்குரியது 1 முதல் 3 பங்கு வரையிலான கந்தகமே. ஆக, வெப்பத்தையும் கூட்ட முடியாமல், கந்தகத்தையும் கூட்ட முடியாமல் நின்ற தொழிலுக்கு மூன்றாவது வழி தேவைப்பட்டது.

அவ்வழியை 1906-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரிலிருந்த டயமண்ட் ரப்பர் நிறுவனத்தின் வேதியியலர் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் கண்டார். அவருக்குத் தரப்பட்ட பணி, விலை மிகுந்த பாரா ரப்பருக்கு இணையாக, மலிவான காட்டு ரப்பர்களையும் விரைவாகப் பதம்பெறச் செய்வது. பல பொருள்களைச் சோதித்து, அனிலின் என்ற கரிமப் பொருளைச் சிறிதளவு சேர்த்தால் நேரம் வெகுவாகக் குறைவதைக் கண்ட அவர், அனிலின் நச்சுத்தன்மை வாய்ந்தது என்பதால் அதிலிருந்து பெறப்பட்ட தயோகார்பனிலைடுக்கு மாறினார். தொழிலாளர் நலன் கருதிச் செய்யப்பட்ட அந்த மாற்றம், கண்டுபிடிப்பின் ஓரத்தில் இடம்பெறும் செய்தியாகவே பல நூல்களில் ஒதுங்கிக் கிடப்பது வருத்தத்துக்குரியது. 1920-களில் வந்த மெர்காப்டோபென்சோதயசோல் வகைப் பொருள்கள் இதனை மேலும் முன்னெடுத்தன. ஆக்சிலரேட்டர் என்று இத்தொழில் அழைக்கும் இப்பொருள்களில் அரைப் பங்கே, 5 மணி நேர வினையைச் சில நிமிடங்களுக்குள் சுருக்க வல்லது. இவற்றை வினைவேக மாற்றி என்று முழுப் பொருளில் சொல்ல இயலாது. வினைவேக மாற்றி வினையின் முடிவில் மாறாமல் மீள வேண்டும், ஆக்சிலரேட்டரோ கந்தகத்தோடு சேர்ந்து இடைப்பொருளாகி, பெரும்பகுதி வினையிலேயே செலவாகிவிடுகிறது.

காட்டு ரப்பருக்கும் பாரா ரப்பருக்கும் ஏன் அந்த வேறுபாடு என்ற கேள்விக்கு விடை, தமிழர் உழைத்த மண்ணிலும் தேடப்பட்டது. 1910-களில் மலாயாத் தோட்ட ரப்பரை வாங்கிய மேலைநாட்டு ஆலைகள், ஒரே அளவு கந்தகத்தில் ஒரு தோட்டத்துச் சரக்கு விரைவாகவும் இன்னொரு தோட்டத்துச் சரக்கு மெதுவாகவும் பதம் பெறுவதாகக் குறைகூறின. கூட்டு மலாய் மாநிலங்களின் வேளாண் துறையில் பணியாற்றிய ஈட்டன் உள்ளிட்டோர் இதனை ஆராய்ந்து, ரப்பரோடு பாலில் உள்ள புரதம் முதலிய பொருள்களும், பால் உறைந்த பின் கட்டியாகக் கிடந்து நொதிக்கும்போது உண்டாகும் பொருள்களும் இயற்கை ஆக்சிலரேட்டர்களாகச் செயல்படுவதை விளக்கினர். விடியற்காலையில் பால்மரத்தில் வெட்டுப்போட்டு, கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்துவந்து, வடிகட்டி, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தகடாக்கிப் புகையில் உலர்த்தியவர்கள், தஞ்சாவூர், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் அமிலத்தை எவ்வளவு நீர்த்தனர், உறைந்ததை எவ்வளவு நேரம் கிடக்கவிட்டனர் என்பவை எங்கோ ஏக்ரனில் ஒரு டயர் பதம் பெறும் நேரத்தைத் தீர்மானித்தன என்பது, இத்தொழிலின் வரலாற்றில் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய உண்மை. இதே வேலை கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் நடைபெறுகிறது. அங்கு ஃபார்மிக் அமிலத்தை நீர்த்துக் கலந்தால் பால் தகடாக உறைகிறது. அம்மோனியாவைச் சேர்த்தால் பால் உறையாமல் நீர்மமாகவே நிற்கிறது. வெட்டுவாயிலும் கிண்ணத்திலும் தானாகவே உறைந்துபோனது ஒட்டுப்பாலாகக் குறைந்த விலைக்குப் போகிறது.

இந்த இரண்டு பாதைகளும், அதாவது மரத்துப் பாலும் ஆக்சிலரேட்டரும், சென்னையில் சந்தித்த இடம் திருவொற்றியூர். 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கு ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். பலூன் பால்நிலையிலுள்ள ரப்பரில் அச்சைத் தோய்த்து எடுக்கும் மெல்லிய படலம் என்பதால், வெப்பம் உள்ளே எட்டும் சிக்கல் அதற்கு இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கலையில் அது எளிய பாடம். 1952-இல் ட்ரெட் ரப்பர் செய்யத் தொடங்கியபோது சிக்கல் முற்றிலும் வேறாயிற்று. ட்ரெட் ரப்பர் என்பது தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டுவதற்கான பட்டை. பழைய டயரோடு அது பிணைய வேண்டுமாயின், ரீட்ரேடிங் பட்டறையின் அச்சுக்குள் செல்லும்வரை அது பச்சையாகவே இருக்க வேண்டும். கந்தகமும் ஆக்சிலரேட்டரும் ஏற்கெனவே கலந்த ஒரு பொருள், சென்னைக் கோடையில் கிடங்கிலும், சரக்கு ரயிலிலும், ஊர்ப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழும் வாரக்கணக்கில் கிடந்தும் வினைபுரியாதிருக்க வேண்டும். அச்சில் ஏறியதும் தாமதமின்றி வினைபுரிய வேண்டும். புதிய டயர் எளிதில் கிடைக்காத அந்நாளைய இந்தியாவில், லாரித் தொழிலின் உயிர்நாடியே ரீட்ரேடிங் பட்டறைகள்தாம். வெப்பநாட்டில் அத்தகைய கலவையை நம்பகமாகச் செய்து காட்டியது, பின்னாளில் டயர் செய்ததைவிடவும் குறைவான சாதனை அல்ல என்றே கருதத் தோன்றுகிறது. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு டயர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, மாப்பிள்ளையின் நிறுவனமான எம்.ஆர்.எஃப். டயர் உற்பத்தியில் இறங்கியது. 1963-இல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதே திருவொற்றியூரில்தான் 1950-களின் நடுப்பகுதி முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாயின. வடசென்னைக் கடற்கரையில் பக்கத்துப் பக்கமாக வளர்ந்த இவ்விரு தொழில்களும் அரை நூற்றாண்டு கழித்து ஒரகடத்தின் உள்நிலத்தில் மீண்டும் அண்டை வீட்டாராயின.

வேண்டாத நேரத்தில் தொடங்கிவிடும் வினைக்கு ஆலைகளில் ஸ்கார்ச் என்று பெயர். கலவை அச்சுக்குச் செல்லுமுன்பே, கலக்கும் எந்திரத்திலோ உருட்டும் எந்திரத்திலோ ஆங்காங்கே பாலங்கள் உருவாகி, சிறு சிறு கட்டிகள் தோன்றிவிடும்; அப்படிப்பட்ட சரக்கை மீண்டும் இளக்கிச் சேர்க்க வழியில்லை, கழிக்கத்தான் வேண்டும். ஆக்சிலரேட்டர்கள் வலுப்பெற வலுப்பெற இந்த ஆபத்தும் பெருகியது. ஆகவே 1930-களிலிருந்து வேதியியலரின் கவனம், வேகத்தைக் கூட்டுவதிலிருந்து வேகத்தை ஒத்திவைப்பதற்குத் திரும்பியது. சல்ஃபெனமைடு என்ற வகை ஆக்சிலரேட்டர்கள் கலக்கும்போது ஏறக்குறைய செயலற்றுக் கிடந்து, அச்சின் வெப்பத்தில் மட்டும் பிளந்து செயல்படுவன. 1970 வாக்கில் வந்த சி.டி.பி. எனும் தடுப்பான், பதத்தின் இறுதி வேகத்தைக் குறைக்காமல், தொடக்கத்தை மட்டும் சில நிமிடங்கள் தள்ளிப்போட உதவியது. தாமதத்தை அளக்கும் கருவியும் தேவைப்பட்டது: 1930-களில் மெல்வின் மூனி வடிவமைத்த கருவி, சூடான ரப்பருக்குள் ஒரு வட்டைச் சுழற்றி, அது இறுகத் தொடங்கும் நிமிடத்தைக் காட்டியது.

டயர் ஆலையின் கலவைக் கூடத்தில் இந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியும் ஒழுங்காக நிற்கிறது. கலவை இரு கட்டங்களாகச் செய்யப்படுகிறது. முதல் கட்டத்தில், பான்பரி எனப்படும் மூடிய கலப்பானுக்குள் ரப்பர், கார்பன் கரி, எண்ணெய், துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம் ஆகியவை போடப்பட்டு, இரண்டு தடித்த சுழலிகளால் பிசையப்படுகின்றன. உராய்விலேயே வெப்பம் 150 டிகிரியைத் தாண்டும், அதனால் கேடில்லை, ஏனெனில் கந்தகம் இன்னும் சேரவில்லை. கரிய தகடாக வெளிவருவதைக் குளிர்வித்து அடுக்கிவைத்த பிறகே, இரண்டாம் கட்டத்தில், சுழலிகளின் வேகத்தைக் குறைத்து, வெப்பம் 110 டிகிரியை ஒட்டி நிற்குமாறு கவனித்துக்கொண்டு, கந்தகமும் ஆக்சிலரேட்டரும் சேர்க்கப்படுகின்றன. புறப்பரப்பு என்ற காரணி இங்குதான் தன் வேலையைக் காட்டுகிறது. கந்தகம் மிக நுண்ணிய பொடியாக, பெரும்பாலும் எண்ணெய் பூசப்பட்டதாகச் சேர்க்கப்படுகிறது. துத்தநாக ஆக்சைடும் அவ்வாறே. பொடி சரிவரக் கலையாமல் ஒரு கட்டி நின்றுவிட்டால், அந்த இடத்தில் செறிவு மிகுந்து ரப்பர் கொம்பு போல் இறுகும். அதைச் சுற்றிலும் செறிவு குன்றிப் பச்சையாக நிற்கும். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் பிளப்பதற்கு அப்படி ஓர் இடமே போதும்.

அச்சுக்குள் செல்லும் பச்சை டயருக்கு உள்ளிருந்து பிளாடர் என்ற ரப்பர்ப் பை ஊதி அழுத்தம் கொடுக்கிறது. பள்ளிப் பாடத்தில் வினைவேகக் காரணிகளுள் அழுத்தமும் ஒன்றாகச் சொல்லப்படுவதால், இவ்வழுத்தம் வினையை விரைவுபடுத்துவதற்கே என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. அழுத்தம் வேகத்தைக் கூட்டுவது முதன்மையாக வாயுக்கள் வினைபடும்போதுதான். உர ஆலைகளில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவாவது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டயருக்குள் செலுத்தப்படும் அழுத்தத்தின் வேலை, ரப்பரை அச்சின் வரிப்பள்ளங்களுக்குள் நிரப்புவதும், உள்ளே குமிழ் உண்டாகாமல் காப்பதும் ஆகும். எனினும் நீராவியைப் பொறுத்தவரை அழுத்தத்துக்கு மறைமுகமான பங்கு உண்டு. 5 பார் அழுத்தத்திலுள்ள நிறைநீராவியின் வெப்பம் ஏறத்தாழ 152 டிகிரி, 10 பார் அழுத்தத்தில் 180 டிகிரி. ஆகவே நீராவிக் குழாயின் அழுத்தமானி ஒரு வகையில் வினையின் வேகமானியும் ஆகும்.

ஆலைகளுக்கு வெளியே, ஒரகடம் சாலையில் லாரிகள் நிற்கும் இடமெல்லாம் காணப்படும் பஞ்சர் கடைகளில் இந்த வினை தன் மிகச் சிறிய வடிவில் நடக்கிறது. ட்யூபின் ஓட்டையைச் சுற்றி அரத்தால் சுரண்டிப் புதுப்பரப்பை வெளிக்கொணர்ந்து, சொல்யூஷன் தடவி, பச்சை ரப்பர்த் துண்டை வைத்து, சூடேறிய இரும்புத் தகடுகளுக்கு இடையில் திருகி இறுக்கி, சில நிமிடங்கள் விட்டு எடுக்கிறார் கடைக்காரர். விரல் நகத்தால் அழுத்திப் பள்ளம் மீள்கிறதா என்று பார்ப்பதே அவருடைய மூனி கருவி. பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கும் வல்கனைசிங் என்ற சொல், வேதியியல் தன் துல்லியமான பொருளோடு தெருவுக்கு வந்து சேர்ந்த அரிய இடங்களுள் ஒன்று.

கடந்த சில ஆண்டுகளாக இத்தொழிலின் முன் நிற்கும் கேள்வி எதிர்த்திசையிலானது. 2022-இல் இந்திய அரசு வெளியிட்ட விதிகள், டயர் உற்பத்தியாளர்கள் தம் உற்பத்திக்கு ஈடான கழிவு டயர்களை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று, முதல் ஆண்டில் 35 விழுக்காடு, அடுத்து 70, அதன்பின் 100 என்று படிப்படியாக விதித்துள்ளன. பழைய டயரைப் பொடியாக்கித் தரைவிரிப்பிலும் தார்ச்சாலையிலும் சேர்ப்பதும், காற்றில்லாமல் சூடேற்றி எண்ணெயும் கரியுமாகப் பிரிப்பதும் நடைமுறையில் உள்ளன. ஆனால் மீண்டும் டயராகத்தக்க ரப்பரைப் பெற வேண்டுமானால், கந்தகப் பாலங்களை மட்டும் முறித்து, சங்கிலிகளை முறியாமல் விட வேண்டும். கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு, கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பைவிட வலுக் குறைந்ததுதான். ஆயினும் இடைவெளி சிறிது என்பதால், பாலம் முறியும் வெப்பத்தில் சங்கிலியும் சேர்ந்து அறுபடத் தொடங்குகிறது. முதல் வினையை விரைவுபடுத்தி இரண்டாவதைத் தடுத்துநிறுத்தும் வேதிப்பொருளையும் வெப்பநிலையையும் தேடும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெற்றுவருகின்றன. இதுவரை கிடைத்துள்ள மீட்பு ரப்பரைப் புதிய டயர்க் கலவையில் சிறு பங்காகவே சேர்க்க முடிகிறது, அளவு மிகுந்தால் டயரின் வலு குன்றுகிறது.